பக்கவாட்டில் ஐந்து நாள்

இருபத்தாறு வருஷமாக
மேலும் கீழும்தான் என் போக்குவரத்து.
லிஃப்ட் மெக்கானிக்குக்கு
ஊர் என்பது மாடிகளின் எண்.
இந்த லீவில் பக்கவாட்டில் போகலாம்
என்றாள் ஜெயசீலி.

மச்சினன் இன்னாசியின் வேன்
ஒரு கம்பெனிக்கு ராத்திரி ஷிஃப்ட் ஆள் ஏற்றியது.
இப்போது உள்ளே இரண்டு கட்டில், ஒரு சிங்க்,
ஒற்றை அடுப்பு, மடக்கினால் மேஜையாகும் பலகை.
வாடகைக்கு யாரும் கேட்கவில்லை.
"டீசல் மட்டும் போட்டுக்குங்க மாமா,
செகண்ட் கியர் கொஞ்சம் கோவக்காரன்."

லிங்கராஜபுரத்திலிருந்து மாகடி ரோட்டைத் தொடவே
இரண்டேகால் மணி நேரம்.
இதுவும் பயணத்தில் சேர்த்திதான் என்று
சுமனஹள்ளி பாலத்தின் மேல்
நகராத வரிசையில்
அடுப்பைப் பற்றவைத்தாள்.
பக்கத்து ஆட்டோக்காரருக்கும் ஒரு டீ.
வரிசை நகர்ந்தது.
கிளாஸோடு போய்விட்டார்.

தாவரெகெரெ தாண்டியதும் நாற்பதிலேயே ஓட்டினேன்.
மாகடியில் பேக்கரி வாசலில் நிறுத்தினால்
ஆதார் வண்டி என்று ஒருவர்
ரேஷன் கார்டோடு வந்து நின்றார்.
குதூரில், மறுபடியும் எலெக்‌ஷனா என்றார்கள்.
சோலூரில் பள்ளி விட்ட பிள்ளைகள்
பின்கதவைத் தட்டி ஐஸ்கிரீம் கேட்டார்கள்.
சும்மா ஊர் பார்க்க வந்தோம்
என்றேன் என் கன்னடத்தில்.
"இந்த ஊரையா?"
திரும்பித் தங்கள் ஊரை
ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

தொட்டபள்ளாபுரத்தில்
விசைத்தறிச் சந்தில் இரவு நிறுத்தம்.
விடிய விடியத் தறி அடித்தது.
மெஷின் ரூமில் தூங்கிப் பழகிய காது,
நன்றாகவே தூங்கினேன்.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
சத்தம் நின்ற பிறகுதான் விழித்தோம்,
தெருவும் விழித்தது.
யார் மாட்டிக்கொண்டார்களோ, எந்த மாடியிலோ
என்று எழுந்து செருப்பைத் தேடினேன்.
"இங்க லிஃப்டே இல்லை, படுங்க" என்றாள்
இருட்டுக்குள்ளிருந்து.

விஜயபுராவில்
பட்டுக்கூட்டு வண்டிகளுக்கு நடுவே
இட்லி வெந்துகொண்டிருந்தபோது
ஒருவர் வந்து படியில் செருப்பைக் கழற்றினார்.
"கண்ணு?" என்றார்.
கண்ணுக்குக் கன்னடத்திலும் கண்ணுதான்.
போன மாதம் வந்த ஆஸ்பத்திரி வண்டியும்
இதே வெள்ளையாம்.
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் ஜெயசீலி அவரைக் கட்டிலில் உட்காரவைத்து
ரவை பாக்கெட்டை நீட்டிவிட்டாள்.
பெரிய எழுத்தைப் படித்தார்.
சின்ன எழுத்தைக் கைநீளத்துக்குத் தள்ளி
மூஞ்சியைச் சுருக்கினார்.
தலையில் ஏற்றி வைத்திருந்த தன் கண்ணாடியை
அவருக்கு மாட்டிவிட்டாள்,
நாகவாரா பிளாட்பாரத்தில்
நூற்றிருபதுக்கு வாங்கிய சிவப்பு ஃபிரேம்.
முதலில் உள்ளங்கையைப் பார்த்தார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து ஓர் எடைச்சீட்டு.
உதடு அசையக் கூட்டினார்,
இன்னொரு தடவை கூட்டினார்.
மூணு கிலோ குறைச்சிட்டான் என்று எழுந்தவர்
இட்லியைத் தொடாமல்
சிவப்புக் கண்ணாடியோடு
மார்க்கெட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.

நாங்கள் பதினோரு மணிவரை காத்திருந்தோம்,
கண்ணாடிக்காக இல்லை,
கணக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள.
அவர் வரவில்லை.

அதற்கப்புறம் ஃபோனில் மேப் பார்க்க
அவளால் முடியவில்லை.
தூரம் நன்றாகத் தெரிந்தது.
அடுத்த பலகையில் என்ன ஊர் என்று
அவள் வாசிக்க வாசிக்க ஓட்டினேன்.
இரண்டு தடவை தப்பான ஊருக்குப் போனோம்.
தப்பான ஊரிலும் ஓர் ஏரி இருந்தது,
ஏரிக்கரையில் நிழல் இருந்தது,
யாரோ கட்டிப்போட்ட ஓர் எருமை
எங்களை எதுவாகவும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை சாவி கொடுக்கும்போது
இன்னாசி அலமாரியைத் திறந்து எண்ணினான்.
"மாமா, ஒரு கிளாஸ் குறையுதே?"

சுமனஹள்ளிப் பக்கம் போனா
வாங்கிக்கோ என்றேன்.