பதினோரு அடி மலை

வேதாரண்யத்தில் மலை கிடையாது.
நகைக்கடன் மேசையில் எனக்கு எதிரே உட்காரும்
செங்குட்டுவன் சொல்வான்:
"மலைப் படம் வேணும்னா கொல்லிமலைக்குப் போங்க சார்,
இங்க எருமை முதுகுதான் மேடு."

போகத்தான் கிளம்பினேன்.
கார்த்திகை, இரண்டாம் சனி.
நாகை துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு,
பணிமனைக்குள் பேருந்துகள்.
தோளில் ஏற்றிய பையை இறக்க மனமில்லை:
பழைய யாஷிகா, பன்னிரண்டே கட்டம் கொண்ட சுருள்,
சிவப்பு வடிகட்டி, பிளாஸ்டிக் பை மூன்று.
மலைக்கென்று வாங்கிய செருப்போடு
அகத்தியம்பள்ளி உப்பளத்து வரப்பில் ஏறினேன்.

தட்டை நிலத்தில் புயல் வருவதை
ஒளிக்க ஒன்றும் இல்லை.
அது எங்கோ ஒரு மூலையில் தொடங்கவில்லை,
முழு வானமாகவே வந்தது.
நீலமே இல்லாத வானத்தில்
சிவப்புக் கண்ணாடிக்கு என்ன வேலை?
கழற்றினேன்.
பிறகு சாம்பல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன:
மடவை மீனின் முதுகு,
ஈயப் பாத்திரத்தின் உள்பக்கம்,
சாணி மெழுகிக் காய்ந்த தரை,
பெயர் வைக்காத இன்னும் நாலைந்து.

அவற்றுக்கு நடுவில் உப்பு அம்பாரம்.
கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, கயிறு சுற்றி,
பதினோரு அடி.
மதகுச் சுவரில் கேமராவை வைத்து
மூச்சை அடக்கிக் குனிந்தேன்.
இடது சரிவில் பாய் கிழிந்திருந்தது.
காற்று அடிக்க அடிக்க
கறுப்பில் ஒரு வெள்ளைத் துடிப்பு.
அந்த அசைவு பதியட்டும் என்று
அரை நொடி திறந்து வைத்தேன்.
நல்ல படம் என்று
எடுக்கும்போதே தெரிந்தது.

"ஏ தம்பி!
அந்தப் பொட்டிய வச்சிட்டு வா இங்க!"

காத்தாயி. பின்னால் அவள் மகன் கலைமணி,
கையில் தென்னங்கயிறு.
காற்று பாயின் மறுமுனையை
ஏற்கெனவே கழற்றியிருந்தது.

ஏறினேன்.
உப்பு கால் வைக்க விடாது,
ஒரு அடிக்கு அரை அடி திரும்பக் கேட்கும்.
குதிகால் வெடிப்பில் புகுந்து எரிந்தது.
உச்சியில் பாய் மேல் குப்புறப் படுத்தோம்,
மூன்று பேர் எடை, நாலு மணி நேரம்.
மழை கிடைமட்டமாகப் பெய்தது.
கடல் எது, பாத்தி எது, வானம் எது,
எல்லாம் ஒரே தொனி.
எடுக்க முடியாத படம் அது,
கையிரண்டும் கயிற்றில்.

கீழே ஏதோ சலசலத்தது.
எட்டிப் பார்த்தேன்.
மலைக்கு இருக்க வேண்டியதெல்லாம் அதற்கும் வந்துவிட்டது:
பள்ளத்தாக்கு, பாறை விளிம்பு,
விரல் அகலத்தில் ஓர் அருவி.
அந்த அருவிதான் மலை.

"ரெண்டு டன் இருக்கும்," என்றாள் காத்தாயி.
மறுநாள் நடந்து பார்த்துவிட்டுத் திருத்தினாள்:
"மூணு."

குளியலறையில் விளக்கணைத்துச் சுருளைக் கழுவினேன்.
படம் பிடிக்கிற படலத்தில் இருப்பதும் உப்புதான்,
வெள்ளி உப்பு.
அதை நிறுத்தி வைக்கிற ஹைப்போவும் உப்பு.
அன்று அதுகூடச் சிரிப்பாக இல்லை.
நெகட்டிவில் வெளிறிய ஒரு குன்று,
மேலே கரிய வானம்.
யாரும் இமயம் என்று நம்புவார்கள்.
செங்குட்டுவன் நம்பினான்.

பொங்கலுக்கு முன்னால்
பெரிதாக ஒரு பிரதி போட்டு எடுத்துப் போனேன்.
காத்தாயி ஈரக்கையை முந்தானையில் துடைத்து வாங்கினாள்.
வானத்தைப் பார்க்கவில்லை.
உச்சியைப் பார்க்கவில்லை.
இடது சரிவில் விரல் வைத்தாள்,
வெள்ளையாய்க் கலங்கிய இடத்தில்.

"இது நாங்க வர்றதுக்கு முந்தி எடுத்ததா?"

ஆமாம் என்றேன்.

"அப்பவே கிழிஞ்சிருந்துச்சா?"