மூன்று விதமாக அவுட்

டான்டினோங் சந்தைக்குப் பின்னால்
கார்கள் வரிசையில் வந்து மூக்கை நீட்டிய கூடாரத்தில்
எட்டு மாதம் குச்சி விட்டவள் என்பதற்காக
என் குரலைக் கேட்டார்கள்.
கோட்டு நடுவர்கள் இம்முறை இல்லையாம்.
கமெரா பார்க்கும், கணினி தீர்மானிக்கும்,
சொல்வதற்கு மட்டும் ஒரு மனிதத் தொண்டை வேண்டுமாம்.

சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சின்ன அறை.
ஒரே சொல், மூன்று விதம்:
பந்து தூரப் போனால் சும்மா,
கிட்ட விழுந்தால் கொஞ்சம் அழுத்தி,
மயிரிழை என்றால் கத்த வேண்டும்.
மூன்றாவதை ஒன்பது தரம் எடுத்தார்கள்.
எனக்குக் கத்த வரவில்லை.
அந்த வருடம் முழுக்க
'பொசிட்டிவ்' என்ற சொல்லைக்கூட
தூங்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவள் மாதிரி
சொல்லிப் பழகியிருந்தேன்.
குகநேசன் சிரித்தார்:
"வீட்டிலை கத்துறதைப் பதிஞ்சு குடுத்திருக்கலாம்."

ஜனவரியில் என்னை ஹோட்டலுக்கு மாற்றினார்கள்.
விமானத்தில் ஒருவருக்குத் தொற்று.
அதில் வந்த எல்லோருக்கும்
பதினான்கு நாள் வாசல் கிடையாது.
பதினோராம் மாடி, 1108:
இவெட்டா கால்னின்யா,
உலகத் தரவரிசையில் தொண்ணூற்று நாலு.
லிஃப்ட் திறக்கும்போதே கேட்கும்,
டொப். டொப்.
மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி
அதோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.
மெத்தை எல்லாப் பந்தையும் திருப்பித் தராது.
தந்தாலும் சோம்பலாய்த் தரும்.
நேர் கீழே 1008இல் இருந்தவளும் ஆட்டக்காரிதான்.
சத்தம் என்று முறைப்பாடு செய்தாள்.
மறுநாள் அவளும் மெத்தையை நிமிர்த்தினாள்.

கதவு ஒரு சாண் திறக்கும்.
நீல அங்கி, இரண்டு மாஸ்க், அதற்கும் மேலே
என் மூச்சில் மங்கிய பிளாஸ்டிக் தகடு.
வாயைத் திறக்கச் சொல்வேன். ஆ என்பாள்.
இரண்டு வாரத்தில் அவள் உள்நாக்கை
அவளைப் பெற்றவளை விட நன்றாக அறிந்தேன்.
என் கன்னத்து மச்சம் அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் சுற்று, வெள்ளி இரவு.
மறுபடியும் ஐந்து நாள் ஊரடங்கு,
நள்ளிரவிலிருந்து.
பதினொன்றரைக்கு ஆட்டத்தை நிறுத்தி
சனத்தை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.
ஒருவன் சிப்ஸ் பெட்டியோடு
படிக்குப் படி திரும்பிப் பார்த்தான்,
சாவீட்டிலிருந்து பாதியில் எழும்பியவன் போல.
பிறகு நீல இருக்கைகள். இரண்டு கடற்காகங்கள்.
சனம் இருந்தவரை
என் குரல் இரைச்சலில் கரைந்துகொண்டிருந்தது.
இப்போது அரங்கு முழுக்க நான்.

நான் இங்கே சோபாவில்,
பழைய பைஜாமாவில், கையில் ஆறிய தேநீர்.
மூன்றாவது செட். ஐந்துக்கு ஆறு.
அட்வான்டேஜ் எதிராளிக்கு.
இவெட்டா பாக்ஹாண்டில் கோட்டோடு இழுத்தாள்.
வெள்ளையைத் தொட்டது. கண்ணால் கண்டேன்.
"உள்ளுக்கை!" என்று இங்கே கத்தினேன்.
"அவுட்!" என்று அங்கே கத்தினேன்.
மூன்றாவது விதம், ஒன்பதாவது தரம் எடுத்தது.
குகநேசன் என்னையும் டிவியையும்
மாறி மாறிப் பார்த்தார்.

நாற்காலி நடுவரிடம் அவள் போகவில்லை.
தலையை உயர்த்தி ஒலிபெருக்கியைப் பார்த்தாள்,
மழை வருமா என்று பார்ப்பது மாதிரி.
கோபிக்க ஒரு முகம் வேண்டுமே.
தேடினாள். இல்லை.
ராக்கெட்டைப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிறு காலை,
விமானத்துக்கு முன் கடைசிச் சோதனை.
வேறு மாடி. மெத்தை கட்டிலில் படுத்திருந்தது.
கதவு ஒரு சாண்.
சொல் தொண்டைவரை வந்தது,
பஞ்சறையில் பதிந்த அதே தொண்டை.
விழுங்கிவிட்டேன்.
குச்சியை உயர்த்திப் பிடித்தபடி
இரண்டு மாஸ்க்குக்குப் பின்னால்
என் வாயைப் பெரிதாய்த் திறந்து காட்டினேன்.
அவளுக்கு என்ன தெரிந்ததோ,
திறந்தாள்.