கரை

பிசான நடவில் பாட்டில் சில்லு கிழித்த குதிகால்.
சேற்றை அப்பிவிட்டு வேலையைப் பார்த்தார் உச்சிமாகாளி.
சர்க்கரை முந்நூற்றுப் பத்து. காய்ச்சல் பதினெட்டு நாள்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
ரத்தத்தை வளர்த்துப் பார்த்தோம்.
மூன்றாம் நாள் தட்டில்
சுருக்கம் சுருக்கமாய் முளைத்திருந்தது
சேரன்மகாதேவி வயல்.

ஸ்கேனைக் காட்டினேன்.
வயிற்றுப் பெருந்தமனி ஒரு பக்கமாய் ஊதியிருந்தது.
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்:
"கன்னடியன் கால்ல, மூணாம் மடைக்குக் கீழ,
இப்படித்தான் கரை பொடச்சிக்கிட்டு நின்னுது.
வெளிய ஒண்ணும் தெரியாது, தங்கச்சி.
உள்ள மண்ணு கரஞ்சிக்கிட்டே இருக்கும்."

அறுவைக்கு மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும்.
காலை ஏழு என்றார்கள்.

"ராத்திரி யாரு காவல்?"

நான்தான் என்றேன்.

என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மம்பட்டி?"