இரவல் கணக்கு

தார்த்து நகரம், இரவு பதினொன்று.
கீழே ஆறு உறைகிற சத்தம்.
கம்பைலர் மாரிக்காவிடம் நான்காம் முறை சொல்கிறது:
இரவல் இன்னும் கையில் இருக்கிறது,
கொடுத்தவர் போய்ச் சேர்ந்தாயிற்று.

தெரியும், என்கிறாள்.

நாற்காலி முதுகில் உர்மாஸின் கையுறைகள்.
ஒரு நாளைக்கு என்று நவம்பரில் வாங்கியவை.

ஆற்று மிதவைகள் அனுப்பிய அளவுகள்:
சில சொந்தம், சில வெறும் சுட்டல்.
பைட்டுகளாய் வரிசையில் இறக்கிவிட்டால்
இரண்டுக்கும் ஒரே முகம்.
எது யாருடையது என்று கோப்பு குறித்துவைப்பதில்லை.
திரும்ப வாசிக்கையில்தான் வழக்கு;
யாராவது சொந்தம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

நகலெடுக்கிறாள், ஒவ்வொன்றையும்.
சிவப்பு வரி அடங்குகிறது.

வெளியே மைனஸ் பத்தொன்பது.
கையுறைகள் இப்போதும் பெரிதுதான்.
இடது கட்டைவிரலில்
அவன் கோணலாய்ப் போட்ட தையல்
குத்துகிறது.