வெறும் வண்டி

நிவேதன் என்று பெயர் சொன்னான். திருச்சிப் பையன், குருகிராம் கம்பெனி.
நாட்டின் ஏழு பெருநகரங்களை வரிசைப்படுத்துகிறார்களாம்.
எடைமேடைகளிலும் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
"அடுத்த பத்து வருஷத்தில் எந்த ஊர் வளரும், மேடம்?"

ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா.
தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நான்,
முனிலட்சுமி, பதினான்கு வருஷமாகப் பாரம் பார்க்கிறவள்.
ஊர்களைப் பார்த்ததில்லை.
சென்னைக்குச் சேலை எடுக்க இரண்டு தடவை,
விஜயவாடா ஒரே தடவை, ரயிலில், தூக்கத்தில்.

ஆனால் எந்த ஊர் எதைத் தின்னும் என்று தெரியும்.
சென்னைக்குக் கம்பி. எத்தனை டன் போனாலும் அடங்காது.
ஐதராபாத் அனுப்புவது மாத்திரை:
லாரி கூரைவரை நிறைந்திருக்கும், எண் ஏறாது.
குண்டூர் மிளகாய் மேடையேறினால்
சீட்டு அடிப்பதற்குள் ஏழு தும்மல்.
பீமாவரத்து இறால் அங்கே ஏறிய எடைக்கும்
இங்கே நான் போடும் எடைக்கும் நூற்றெண்பது கிலோ துண்டு விழும்.
ஐஸ் உருகி வழியெல்லாம் சொட்டியிருக்கும்.
அந்தத் தண்ணீரை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவார்கள், தம்பி?

பெங்களூரு?
பென்சலய்யா சொல்வான், நெல்லூர்க்காரன், இறால் வண்டி ஓட்டுகிறவன்:
"அது கனமில்லாததை விற்கிற ஊர் அக்கா,
உன் மேடைக்கு வராது."

பையன் எழுதிக்கொண்டான்.
இதையும் எழுது என்றேன்.
வடக்கேயிருந்து உடைசல் வரும், இடித்த ஓட்டல், செத்த பஸ்.
கும்மிடிப்பூண்டி உலையில் உருகிக் கம்பியாகி
வந்த வழியே திரும்பிப் போகும்.
அங்கே கட்டி, பிளான் தப்பென்று இடித்து, மறுபடி இங்கே.
ஒரே இரும்பை மூன்று தடவை எடை போட்டிருக்கிறேன்.
மூன்று தடவையும் யாரோ வளர்ந்தார்கள்.

அப்புறம் டீசல். இந்தப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு.
எல்லைக்கு முன்னால் டேங்கை முட்ட நிரப்புவார்கள்.
அதனால் வடக்கே போகிற வண்டிகள்
எப்போதும் கொஞ்சம் கூடுதல் கனம்.
முன்னேற்றம் என்று நினைத்துவிடாதே.

சீட்டைக் காட்டினேன். மூன்றே வரி.
மொத்த எடை. வெறும் வண்டி எடை. சரக்கு எடை.
நடு வரி இல்லாமல் கடைசி வரி வராது.
"உங்கள் ஊர்களுக்கு நடு வரி எங்கே?"
அவன் டேப்லெட்டை மேலே தள்ளினான், கீழே தள்ளினான்.
அந்தக் கட்டம் அதில் இல்லை.

நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.
எல்லாம் அடைத்துக் கிடந்த வருஷம், மே மாதம், ராத்திரி.
லாரியே இல்லை. கரண்டுக்கு வந்த கேடு என்று
திரையை அணைக்கப் போனேன். எண் ஓடியது.
நாற்பது. நூறு. இருநூற்றிருபது.
சென்னையிலிருந்து நடந்தே வந்தவர்கள்,
சமதளமாக இருக்கிறதே என்று மேடையில் உட்கார்ந்தார்கள்.
பதினோரு பேர், ஒரு மிக்ஸி, ஒரு தவலை, சுருட்டிய பாய்கள்.
ஐந்நூற்றிருபது கிலோவில் நின்றது.
ஒரு குழந்தை மடி மாறியது, எண் மாறவில்லை.
விடியுமுன் எழுந்து ஸ்ரீகாகுளம் பக்கம் போனார்கள்.
திரை பூஜ்யத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சீட்டு அடிக்கவில்லை.
யார் பெயரில் அடிப்பது?
ஆனால் அன்றைக்குச் சென்னை எவ்வளவு குறைந்தது என்று
ஒரு கையளவு தெரிந்தது எனக்கு.

நிவேதன் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.
இதற்குக் கட்டமில்லை மேடம் என்றான், வருத்தமாகத்தான்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண் மட்டும் போதுமாம்.
எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.
மூன்று என்றேன்.

வெளியே பென்சலய்யா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை,
ஐஸ் உருகுகிறது என்று.