இரண்டாம் தட்டு

திங்கட்கிழமை குன்னெலின் பூனை உயிரோடு இருந்தது.
அப்படி நம்புவதாகக்கூட யாரும் நினைக்கவில்லை.
பழகிப்போன நம்பிக்கைகள் சத்தமே போடாது.

செவ்வாய் இரவு அவள் மாடியிலிருந்து இறங்கி
என் கதவைத் தட்டினாள்.
ரயில் பாலத்தடியில் சாம்பல் நிறம், இடது முன்காலில் வெள்ளை.
முகம் இருந்த இடத்தை இருவருமே பார்க்கவில்லை.
லுண்டில் நவம்பர் மண் இன்னும் இறுகியிருக்கவில்லை.
ஆப்பிள் மரத்தடியில் புதைத்தோம்.

புதன் காலை வகுப்பு.
கரும்பலகையில் உலகங்களைத் தட்டுத் தட்டாக அடுக்கினேன்:
மேலே நம்பத் தகுந்தவை,
கீழே போகப் போக நம்ப முடியாதவை.
புதுச் செய்தி வந்தால், அதோடு ஒத்துப்போகிறவற்றில்
எது உயரத்தில் இருந்ததோ அது உச்சிக்கு ஏறும்.
"மற்றவை?" என்றான் மெல்கெர்.
அங்கேதான் சண்டை.
சிலர் அதை மட்டும் தூக்கிவைத்து
மீதியைத் தொடமாட்டார்கள்.
சிலர் அலமாரியையே கவிழ்த்து அடுக்குவார்கள்.
ஒரு செய்திவரை இரண்டுக்கும் ஒரே விடை.
அடுத்ததில்தான் சாயம் வெளுக்கும்.

அடுத்தது வியாழன் மாலை
சமையலறை ஜன்னலில் வந்து கத்தியது,
பசியோடு,
எந்தத் தேற்றத்தையும் மதிக்காத வாலோடு.

குன்னெல் அழுதுகொண்டே மத்தி டின்னைத் திறந்தாள்.
பூனை உயிரோடு இருக்கிறது:
திங்கட்கிழமையின் அதே வாக்கியம், ஓர் எழுத்தும் மாறவில்லை.
ஆனால் இப்போது எட்டு மணிக்குள் அது வராவிட்டால்
கோட்டை மாட்டிக்கொண்டு பாலத்தடிக்குப் போகிறாள்.
பத்தாம் தட்டில் தூசி படிந்து கிடந்த உலகம்
இரண்டாம் தட்டுக்கு வந்துவிட்டது,
கைக்கெட்டும் உயரம்.
நம்புவது அதே. நம்பத் தயாராக இருப்பது வேறு.
இதைத்தான் பதினொரு பக்கத்தில் நிறுவி அனுப்பியிருந்தேன்;
உதாரணம் போதாது என்று திருப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமை, மளிகைக் கடை எதிரே விளக்குக் கம்பத்தில்
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்.
காணவில்லை. சாம்பல் நிறம். இடது முன்காலில் வெள்ளை.
பெயர் டுஸ்கா.
குழந்தைக் கையெழுத்து. எழுத்துகள் வலப்பக்கம் சரிந்து
இடம் போதாமல் நசுங்கியிருந்தன.
கீழே ஒரு தொலைபேசி எண்.

அந்த வீட்டில் மேல்தட்டில் இன்னும் பூனை நடமாடுகிறது.
ஆப்பிள் மரத்தடி தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்.
எதை முதலில் சொல்வது?
செய்திகளின் வரிசை மாறினால் முடிவும் மாறும் என்று
ஆண்டுதோறும் இதே மாதத்தில் கற்பிக்கிறவன் நான்.
கையுறையைக் கழற்றி எண்களை அழுத்தினேன்.
இரண்டாம் மணி முடியவில்லை,
நான் வாயைத் திறக்கவில்லை,
மறுமுனையில் ஒரு சின்னக் குரல்:
"டுஸ்காவா?"