திணை வழு

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
மரபணு அறிக்கையைத் தமிழாக்கவென
இலக்கணம் படிப்பிக்கிற என்னைக் கூப்பிட்டார்கள்.

இனம்: தீர்மானிக்க இயலாது.
வல்லினமா மெல்லினமா,
எலும்புக்கு எங்கே தெரியும்.
சுட்டவனுக்குத் தெரிந்திருந்தது.

பால்: பெண்ணாக இருக்கலாம்.
அந்த 'லாம்' இல்
பேனை கனநேரம் நின்றது.

வெளியே, பச்சைப் பிளாஸ்ரிக் கதிரையில்,
பஞ்சுக்குச்சியில் எச்சில் கொடுத்துவிட்டுப்
பத்து மாதமாய்க் காத்திருக்கும் திலகேஸ்வரி
எழும்பி வந்து கேட்டா:
"ரீச்சர், அவள் என்ன சொல்லுறாள்?"

எலும்பு அஃறிணை.
அவள் என்றால் வழு.
இருபத்தாறு வருடமாய்
விடைத்தாள்களில் நான் சிவப்பால் வெட்டிய பிழை.

உள்ளே போய்
தொடையெலும்பு, தாடை, மூன்று பல்,
'அது' வந்த இடமெல்லாம்
'அவள்' என்று மாற்றினேன்.

கொழும்பு திருப்பி அனுப்பியிருக்கிறது:
மொழிப்பிழைகள் உள.
திருத்தி அனுப்புக.